நத்தைக் கொக்கி: ஒரு சின்னப் பள்ளியில் இரண்டு சேர்க்கைக் காலம்

என் மகளை இந்தப் பள்ளியில் சேர்த்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. மறுபடியும் அட்மிஷன் நேரம் வந்துவிட்டது. போன வாரம் மட்டும் நாலு பேர் போன் செய்து, "பள்ளி எப்படி? நம்பிச் சேர்க்கலாமா?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொல்வதைவிட முழுதாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. குறைகளையும் சொல்லப்போவதால் பள்ளியின் பெயரைப் போடவில்லை. இந்த அளவுள்ள எந்தத் தனிப் பள்ளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதில் பாதியாவது உதவும்.

மொத்தம் 71 பிள்ளைகள். மூன்று வகுப்புகள், வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். தலைமையாசிரியர் ஒருவர், அலுவலகத்தில் ஒரு அக்கா. பின்னால் பெரிய நிறுவனமோ அரசுப் பணமோ கிடையாது. பிள்ளைகள் கட்டும் கட்டணத்தில்தான் எல்லாமே ஓடுகிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால், சேர்க்கைக் காலத்தில் அவர்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது தானாகப் புரியும்.

முதல் வருடம் எனக்கு அது புரியவில்லை. "எத்தனை இடம் காலி?" என்று கேட்டால், "இன்னும் தெரியாது சார்" என்பார்கள். மழுப்புகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் வருடம் விண்ணப்பங்களை அடுக்க அலுவலக அக்காவுக்கு உதவியாக நாலு சனிக்கிழமை உட்கார்ந்தேன். அப்போதுதான் கணக்கு தெரிந்தது. முதலில், ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்குத் தொடர்வோம் என்று உறுதி கேட்டுப் படிவம் போகும். அது திரும்பி வந்த பிறகுதான் காலி இடத்தை எண்ணவே முடியும். அடுத்து, உள்ளே இருக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கைகள். அதற்கப்புறம்தான் வெளியிலிருந்து வருகிறவர்கள். ஒரு குடும்பம் வேலை மாற்றம் என்று கிளம்பினால் ஒரே நாளில் இரண்டு இடம் காலியாகும். 71 பேரில் ஐந்து பேர் போனாலே ஒரு ஆசிரியரின் சம்பளம் ஆட்டம் காணும் என்று அக்கா சொன்னார். பெரிய பள்ளியில் ஐந்து பேர் போனது யார் கண்ணிலும் படாது.

நாங்கள் முதல்முறை பார்க்கப் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. நுழைந்ததும் இடதுபுறச் சுவரில் பை மாட்ட வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே பெயர் இல்லை, ஒரு சின்னப் படம் ஒட்டியிருந்தது. குடை, சாவி, மீன், ஏணி, நிலா. எழுத்துத் தெரியாத பிள்ளையும் தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்கட்டும் என்று இப்படி ஏற்பாடு. என் மகள் அப்போது ஐந்தரை வயது. முந்தைய பள்ளியில் எட்டு மாதம் வகுப்பில் வாயே திறக்காதவள். செருப்பைக் கழற்றாமல் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்தான். அவளிடம் பெயர் கேட்கவில்லை, வாவென்று இழுக்கவும் இல்லை. சுவரைக் காட்டி, "பை இல்லாத கொக்கி மூணு இருக்கு. நத்தை, பம்பரம், வாளி. நத்தை ஒரு அண்ணாவோடது, அவங்க பெரிய ஸ்கூலுக்குப் போயிட்டாங்க" என்றான். சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் தோளில் தொங்கிய பையை வாங்கி நத்தையில் மாட்டினாள். நான் அதுவரை விண்ணப்பப் படிவமே வாங்கவில்லை.

நேர்காணல் என்று தனியாக எதுவும் இல்லை. அரை நாள் வகுப்பில் உட்காரவைத்தார்கள். எழுதச் சொல்லவில்லை, படிக்கச் சொல்லவில்லை. எங்களிடம் கேட்டதுதான் அதிகம். "கோபம் வந்தா என்ன பண்ணுவா? அழுதா யார்கிட்ட போவா? எதைச் செஞ்சா நேரம் போறதே தெரியாம இருப்பா?" மூன்றாவது கேள்விக்கு நானும் என் மனைவியும் வெவ்வேறு பதில் சொன்னோம். தலைமையாசிரியர் இரண்டையும் எழுதிக்கொண்டார். அந்தக் குறிப்பு வகுப்பாசிரியர் கைக்குப் போயிருந்தது என்பது ஆறு மாதம் கழித்து ஒரு பேச்சில் தெரிந்தது. அதற்காகவே இந்தப் பள்ளிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இனி வருத்தம். முடிவு சொல்கிறோம் என்ற தேதிக்கு மூன்று வாரம் தாமதமாகத்தான் கடிதம் வந்தது. இடையில் இன்னொரு பள்ளியில் முன்பணம் கட்டக் கடைசி நாள் வந்துவிட்டது. இரண்டு முறை போன் செய்தேன், இரண்டு முறையும் "இந்த வாரம் சொல்லிடுறோம்" என்றார்கள். அந்த முன்பணத்தைக் கட்டினோம். அது திரும்பி வரவே இல்லை. காரணம் இப்போது எனக்குத் தெரியும்: நாலு குடும்பங்கள் உறுதிப் படிவத்தைத் தராமல் இழுத்தடித்திருந்தன. ஆனால் அதை அன்றே எங்களிடம் சொல்லியிருக்கலாம். காத்திருப்போர் பட்டியலில் எத்தனையாவது இடம் என்று கேட்டதற்கும் நேரான பதில் வரவில்லை. இந்த வருடம் பட்டியல் எண்ணைக் கடிதத்திலேயே எழுதுகிறார்கள். நல்ல மாற்றம். கட்டணத் தாளில் பொருள்களுக்கான தொகையும் வெளிப்பயணத்துக்கான தொகையும் இன்னும் தனித் தாளில் வருகின்றன. அதையும் முதல் தாளிலேயே சேர்க்க வேண்டும்.

வகுப்பு கலப்பு வயது. ஆறிலிருந்து ஒன்பது வரை ஒரே அறை. இதென்ன புதுமை என்று சிலர் கேட்கிறார்கள். புதுமையே இல்லை. 1907-ல் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தபோதே வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகத்தான் இருந்தார்கள். நத்தையைக் காட்டிய அந்தப் பையன் பெரியவர் யாரும் சொல்லி வந்தவன் இல்லை. இரண்டு வருடம் முன்னால் அவனுக்கு யாரோ கொக்கியைக் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இப்போது என் மகள் சின்னவர்களுக்குப் பென்சில் சீவக் கற்றுக்கொடுக்கிறாள். கை விரலை எங்கே வைக்க வேண்டும் என்று அவள் விளக்குவதைக் கேட்டபோது, இவள்தானா எட்டு மாதம் பேசாமல் இருந்தவள் என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

ஒரு வகுப்பில் 24 பேர் என்பது எனக்கு முதலில் உறுத்தியது. சின்னப் பள்ளி என்றால் சின்ன வகுப்பு என்றல்லவா நினைப்போம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-ல் தொடங்கி நான்கு ஆண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 13 முதல் 17 பேர் உள்ள வகுப்புகள், 22 முதல் 25 பேர் உள்ள வகுப்புகள், அதே 22 முதல் 25 பேருக்குக் கூடுதலாக ஒரு உதவியாளர் உள்ள வகுப்புகள் என்று பிரித்துப் பார்த்தார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் தெளிவாக முன்னால் நின்றார்கள். உதவியாளர் இருந்ததால் பெரிய வித்தியாசம் வரவில்லை. இதைத் தலைமையாசிரியரிடம் நேராகவே கேட்டேன்: "24 பேருக்கு ரெண்டு டீச்சர்னா அது சின்ன வகுப்பு ஆகிடாதே மேடம்?" அவர் கோபப்படவில்லை. "வாசிப்புக்கும் கணக்குக்கும் பன்னிரண்டு பன்னிரண்டா பிரிச்சு ரெண்டு அறையில வைக்கிறோம். மத்த நேரம்தான் சேர்ந்து இருப்பாங்க. எப்ப வேணா வந்து பாருங்க" என்றார். சொல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். அப்படித்தான் இருந்தது. நீங்களும் வரவேற்பு நாளில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளின் கூட்டம் உண்டு. ஸ்காட்லாந்துக் கல்வியாளர் ஏ.எஸ். நீல் 1921-ல் தொடங்கிய, இப்போது இங்கிலாந்தில் இருக்கும் சம்மர்ஹில் பள்ளியின் கூட்டத்தில் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டு. இங்கே அந்த அளவுக்கு இல்லை. விளையாட்டு இடத்தின் விதிகள், பொருள்களைப் பகிர்வது போன்றவற்றில் மட்டும் பிள்ளைகள் முடிவெடுக்கிறார்கள். பந்தை யார் எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு மூன்று வெள்ளிக்கிழமை பேசி ஒரு விதி எழுதினார்கள். அது சுவரில் இருக்கிறது, பிள்ளைகளின் எழுத்துப்பிழையோடு.

பெற்றோர் பங்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த விமர்சனமே பொய்யாகிவிடும். பருவத்துக்கு இரண்டு வேலை நாள். சுவருக்கு வண்ணம் அடிப்பது, நூலகப் புத்தகங்களுக்கு அட்டை போடுவது, மேசைக் கால்களைச் சரிசெய்வது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பக்கத்தில் பசை தடவிக்கொண்டிருந்தவர்தான் பின்னாளில் என் மனைவி மருத்துவமனையில் இருந்த ஒன்பது நாளும் என் மகளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். ஆனால் இரவு வேலைக்குப் போகும் ஒரு தாய்க்கு அந்த வேலை நாள்கள் பாரமாக இருந்தன. வராதவர்களை யாரும் எதுவும் சொல்லவில்லைதான். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் வந்தவர்களின் படங்கள் மட்டும் வரிசையாக விழும். அவர் ஒருநாள் வாசலில் என்னிடம், "நான் மட்டும் சும்மா இருக்கிற மாதிரி தெரியுதுண்ணா" என்றார். கூட்டத்தில் இதை எழுப்பினேன். இப்போது கிழிந்த புத்தகங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். அவர் ஒட்டித் தந்தவை ஒரு அலமாரித் தட்டு முழுக்க இருக்கின்றன. படம் போடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம், சின்ன இடத்தின் கஷ்டம். என் மகள் வயதில் நாலே பெண் பிள்ளைகள். போன வருடம் இருவருக்குள் சண்டை வந்து நாலு பேரும் இரண்டிரண்டாகப் பிரிந்தார்கள். பெரிய பள்ளி என்றால் வேறு தோழி கிடைப்பாள், வேறு பிரிவுக்காவது மாற்றலாம். இங்கே தினமும் அதே மூன்று முகம். ஒரு மாதம் ராத்திரி அழுதுவிட்டுத்தான் தூங்கினாள். ஆசிரியர் பொறுமையாக நாலு பேரையும் ஒரே வேலையில் உட்காரவைத்து உட்காரவைத்துச் சரியாக்கினார். ஆனாலும் அந்த மாதம் எங்களுக்கு நீளமான மாதம். குழு விளையாட்டிலும் இதே கதைதான். ஒரே வயதில் ஒரு அணி சேராது. அதில் ஆர்வமுள்ள பிள்ளையென்றால் வெளியே வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வருட நடுவில் ஒரு ஆசிரியர் வேலையை விட்டுப் போனார். ஆறு பேரில் ஒருவர் போவது வீட்டில் ஒருவர் போவது போலத்தான். ஐந்து வாரம் தலைமையாசிரியரே அந்த வகுப்பை எடுத்தார், நன்றாகவே எடுத்தார். ஆனால் பள்ளியின் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப்பில் செய்தி ஓடிவிட்டது. பிள்ளைகளுக்கு வேறு யாரோ சொல்லித் தெரிந்தது. அது நடந்திருக்கக் கூடாது.

சேர்க்கலாமா என்றால், வாசலில் விட்டுவிட்டுக் கிளம்பிப் போக மட்டுமே நேரம் உள்ளவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். அவர்கள் மேல் குறை இல்லை, பள்ளியின் அமைப்பு அப்படி. கொஞ்சம் நேரம் தர முடியும், கூட்டத்தில் காணாமல்போகிற பிள்ளை இருக்கிறது என்றால் கண்டிப்பாகப் போய்ப் பாருங்கள். போகும்போது முடிவுத் தேதியை எழுத்தில் கேளுங்கள். எல்லாத் தொகையும் உள்ள ஒரே தாளைக் கேளுங்கள். மூன்று வருடத்தில் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள் என்று கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள்.

எங்கள் வீட்டுக்கும் தொடர்வோமா என்று கேட்கும் படிவம் நேற்று வந்தது. வந்த அன்றே நிரப்பிவிட்டேன், யாருடைய கடிதமும் எங்களால் தாமதமாகக் கூடாது என்று. கையெழுத்துப் போடும்போது மகள் எட்டிப் பார்த்தாள். நத்தைக்குப் பக்கத்துக் கொக்கி குடை. அந்தப் பிள்ளை இந்த வருடத்தோடு போகிறாள். "குடைக்கு யாருப்பா வருவாங்க?" என்றாள். இன்னும் தெரியாதும்மா என்றேன். "வந்தா நான்தான் காட்டுவேன்" என்று சொல்லிவிட்டுப் படிவத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.