வேட்டைத் தோட்டா என்று சொல்லி ராணுவத் தோட்டாவை விற்றுவிட்டார்கள்

முதல் ரைபிள் வாங்கப்போகும் நண்பர்கள், பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் என் கதையைப் படித்துவிட வேண்டுகிறேன்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடபகுதியில் குடியேறிய இரண்டாம் ஆண்டு, உரிமம் கைக்கு வந்த சூட்டோடு, ஒரு கடையில் எஸ்.கே.எஸ். என்ற பழைய சோவியத் ராணுவ ரைபிளும் சோவியத் ராணுவ இருப்பிலிருந்து வந்த ஒரு தகரப்பெட்டித் தோட்டாக்களும் வாங்கினேன். மூஸ் என்னும் பெரிய மானினத்தை வேட்டையாடவும், காட்டில் வழிதவறினால் உயிரைக் காத்துக்கொள்ளவும் இந்த ஒன்றே போதும் என்றார் விற்பனையாளர். .308 வின்செஸ்டர் என்ற வேட்டைத் தோட்டா வகை நல்லதல்லவா என்று கேட்டபோது, இரண்டுமே 7.62 மில்லிமீட்டர் விட்டம்தான், பெயர்தான் வேறு என்று சிரித்தார். பின்பக்கக் குறிகாட்டியில் பொறித்திருந்த 10 என்ற எண்ணைக் காட்டி, ஆயிரம் மீட்டர் வரை அடிக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். நானும் தலையாட்டினேன்.

.308 தோட்டாவில் வெடிமருந்து அடைத்த உறை 51 மில்லிமீட்டர் நீளம். நான் வாங்கியதன் உறை 39 தான். முன்னது ஏறத்தாழ 3,500 ஜூல் ஆற்றலோடு குழலை விட்டுப் புறப்படுகிறது, பின்னது 2,000 ஜூலோடு. 400 கிலோவுக்கு மேல் எடையுள்ள மூஸின் முன் இந்த வேறுபாடு பெயரளவிலானதன்று.

அதைவிடப் பெரிய ஏமாற்று வேட்டை முகாமில்தான் வெளிப்பட்டது. உடன் வந்த மூத்த வேட்டைக்காரர், இருபது இருபதாகப் பழுப்புத் தாளில் சுற்றியிருந்த என் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, ஒரு தோட்டாவைத் தம்முடைய .30-06 என்ற வேட்டைத் தோட்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அவருடையதன் நுனியில் சாம்பல் நிற ஈயம் வெளியே தெரிந்தது. என்னுடையதன் குண்டு நுனிவரை உலோக உறையால் மூடப்பட்டிருந்தது. ஈயமுனைக் குண்டு உடலுக்குள் விரிந்து விலங்கை விரைவில் வீழ்த்தும். முழு உறையிட்ட குண்டு பெரும்பாலும் விரியாமல் ஊடுருவிப் போவதால், அடிபட்ட விலங்கு நெடுந்தூரம் ஓடி வதைபட்டுச் சாகும். இந்த மாகாணத்தில் அத்தகைய குண்டால் பெருவிலங்கு வேட்டையாடுவது சட்டவிரோதம் என்று அவர் சொன்னபோது எனக்கு வியர்த்துவிட்டது. அந்தப் பயணம் முழுவதும் நான் விறகு மட்டுமே சுமந்தேன்.

வீடு திரும்பி ரைபிளைப் பிரித்தால், கேஸ் பிஸ்டன் (வெடிவாயுவால் தள்ளப்படும் தண்டு) முழுக்கச் செந்துரு. பழைய ராணுவத் தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்து வெடித்தபின் ஈரத்தை உறிஞ்சும் உப்பை விட்டுச்செல்கிறது. அதை வெந்நீர் கரைக்கும், எண்ணெய் கரைக்காது. குறிபார்க்கச் சரளைக் குழியில் முப்பது தோட்டா சுட்டுவிட்டு, எண்ணெய்த் துணியால் துடைத்ததோடு நிறுத்தியிருந்தேன். இதைச் சொல்லக்கூட விற்பனையாளருக்கு வாய் வரவில்லை.

விற்ற தோட்டாவைத் திரும்பப் பெறுவதில்லை என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். மறு ஆண்டு ஒரு பழைய .30-06 ரைபிளும், 180 கிரெய்ன் எடைக் குண்டுள்ள ஈயமுனைத் தோட்டாக்கள் இரண்டு பெட்டியும் வாங்கினேன். இம்முறை விலை பேசுமுன்பே பெட்டியைத் திறக்கச் சொல்லி நுனியைப் பார்த்தேன். அந்தத் தகரப்பெட்டி முக்கால்வாசி நிறைந்தபடி இன்னும் நிலவறையில் கிடக்கிறது. அதிலிருப்பவை எஃகு உள்ளீடு கொண்ட குண்டுகள்; அவற்றை உள்ளூர்ச் சுடுதளத்திலும் அனுமதிப்பதில்லை.