கயிற்றை எப்போது தளர்த்துவது: குதிரைப் பயிற்சி முடிந்து ஒன்றரை வருடம்

குதிரையிடம் தலைமைத்துவம் படித்துவிட்டு வந்தேன் என்றால் எங்கள் தோட்டத்தில் இன்னும் சிரிக்கிறார்கள். "மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் குடுத்த காசுல கோயில் கட்டினாரு. நீ ஆள் மேய்க்கப் படின்னு குடுத்த காசுல குதிரை பாத்துட்டு வந்திருக்க" என்று ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்யும் மாமா ஒருவர் சொன்னார். அதற்கு நானும்தான் சிரித்தேன்.

பயிற்சி முடிந்த வாரமே எழுத உட்கார்ந்திருந்தால் வானளாவப் புகழ்ந்திருப்பேன். ஆறு மாதம் கழித்து எழுதியிருந்தால் திட்டியிருப்பேன். பதினெட்டு மாதம் போய்விட்டது, இப்போது கொஞ்சம் நிதானமாகச் சொல்ல முடியும்.

நான் நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். அம்மா கொழுந்தெடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். என் பொறுப்பில் நாற்பது சொச்சம் பெண்கள், இரண்டு கங்காணிமார். அவர்களில் பாதிப் பேர் என்னைத் தூக்கி வளர்த்தவர்களின் வயதுக்காரர்கள். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் "மிஸ்" என்பார்கள். குடியிருக்கும் லயத்துப் பக்கம் போனால் "பாப்பா". இந்த இரண்டுக்கும் நடுவே எந்தக் குரலில் பேசுவது என்று தெரியாமல் முதல் இரண்டு வருடம் கத்தியே காலம் தள்ளினேன்.

பயிற்சி இரண்டு நாள். நுவரெலியாப் பந்தயத்திடலுக்குக் கிட்ட, வேலி போட்ட ஒரு புல்வெளி. அந்தத் திடலில் 1875 முதல் குதிரை ஓடுகிறது. ஏப்ரல் வசந்த காலத்தில் கொழும்பே அங்கே வந்து குவியும். எங்களுக்கு அது வாழ்க்கை முழுக்க வேலிக்கு வெளியே நின்று பார்த்த இடம், வேலிக்கு உள்ளே போனது அன்றுதான் முதல் தடவை. ஏறி ஓட்டுவது எதுவும் கிடையாது. குதிரையை நடக்க வைக்க வேண்டும், நிறுத்த வேண்டும், பின்வாங்க வைக்க வேண்டும். கடைசியில் கயிறே இல்லாமல் பின்னால் வர வைக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். எட்டுப் பேர் போனோம். சேறு முழங்கால் வரை. சப்பாத்து இல்லாமல் செருப்போடு வந்த ஒருவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது.

எனக்குக் கிடைத்தது ஒரு செம்பட்டைப் பெண்குதிரை. ராணி என்று கூப்பிட்டார்கள். கயிற்றைப் பிடித்து இழுத்தேன், நின்றது. இன்னும் இழுத்தேன், நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. பயிற்றுநர் பக்கத்தில் வந்து, "இப்போது உங்களுக்குள் என்ன உணர்வு ஓடுகிறது?" என்றார். உள்ளே ஓடியது அன்றைக்குக் குறைந்த கொழுந்துக் கணக்கு. அதை உணர்வு என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

வேலியில் சாய்ந்து நின்ற குதிரைக்கார அண்ணன்தான் வாயைத் திறந்தார். சுற்றுலாக்காரரை ஏற்றி நடத்தியே நரைத்த மனிதர். "மிஸ், இழுத்துக்கிட்டே இருந்தா அதுக்கு எப்புடித் தெரியும் எது சரின்னு? ஒரு அடி வச்சவொடன கயித்த விட்டுருங்க. விடுறப்பதான் அது படிக்கும்."

விட்டேன். இரண்டாவது தடவை இரண்டு அடி வைத்தது. பத்து நிமிடத்தில் சுண்டுவிரல் பலத்தில் நடந்தது.

குதிரை பழக்குகிறவர்களுக்கு இது அரிச்சுவடி. அழுத்தம் கேள்வி மட்டும்தான் கேட்கும், பதில் சரி என்பதைச் சொல்வது அழுத்தம் நீங்கும் அந்த நொடி. அந்த நொடி பிந்தினால் குதிரை வேறு எதையோ சரி என்று படித்துக்கொள்ளும். நீங்கவே நீங்காவிட்டால் மரத்துப்போகும். எத்தனை இழுத்தாலும் அசையாத குதிரைகள் இப்படித்தான் உண்டாகின்றன. வாய் மரத்துப்போச்சு என்று குதிரைக்காரர்கள் சொல்வது அதைத்தான்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நான் செய்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. ஒருத்தர் அன்றைய 18 கிலோவைச் சேர்த்துவிட்டால் பேரைப் பதிந்து அனுப்பலாம். நானோ, "நாளைக்கு இன்னும் ரெண்டு கிலோ பாருங்க" என்பேன். இருபது வந்தால் "முத்தல் கலந்திருக்கு" என்பேன். குறைந்தாலும் பேச்சு, நிறைந்தாலும் பேச்சு. என் கயிறு ஒரு நாளும் தளர்ந்ததில்லை.

திரும்பி வந்து மாற்றிக்கொண்டது இந்த ஒன்றைத்தான். கணக்கு நிறைந்தால் வாயை மூடிக்கொள்வேன். பேரைப் பதிவேன், "போய்ட்டு வாங்க பெரியம்மா". முதல் இரண்டு வாரம் எல்லோரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். தோட்டத்து மனேஜர் துரையிடம் ஏச்சு வாங்கியிருப்பாள், அதுதான் அடங்கிக் கிடக்கிறாள் என்று பேச்சு.

கிலோ கூடியதா என்று எல்லோரும் கேட்பார்கள். சொல்லும்படியாகக் கூடவில்லை. மழையும் உரமும் கவ்வாத்தும் தீர்மானிக்கிற விஷயத்தைக் குதிரை தீர்மானிக்காது. மாறியது வேறொன்று. நான்காவது மாதம் ஒரு காலையில், மலையில் இறங்கும் முன்னமே ஒரு அக்கா வந்து, "மிஸ், அந்தக் கானோரம் குளவி கட்டியிருக்கு" என்றார். கான் என்றால் வடிகால். கூட்டை முந்தின நாளே கண்டிருக்கிறார். முன்பெல்லாம் சொல்லவே மாட்டார்கள். சொன்னால் அந்த நிரை நிற்கும், கிலோ குறையும், அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) ஆகும், அதற்கு மேல் என் பேச்சு வேறு. அதனால் வாயை மூடிக்கொண்டு கூட்டைச் சுற்றிச் சுற்றிக் கொழுந்தெடுப்பார்கள். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் உயிரே போனவர்களும் மலையகத்தில் எத்தனை பேர் என்று இதைப் படிக்கும் நம்மவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு அந்த நிரையை விட்டுவிட்டு வேறு மலைக்குப் போனோம். பேரை முழுதாகப் போட்டேன். அதற்குத் துரையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

இனிக் குறைகள்.

"குதிரை உங்கள் மனதின் கண்ணாடி" என்று இரண்டு நாளும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இதில் பாதி உண்மை. சுவீடனில் 2009 இல் ஓர் ஆய்வு நடந்தது. குதிரையைப் பிடித்து நடந்தவர்களிடம், இந்தத் தடவை போகும்போது பக்கத்தில் ஒரு குடை படீரென்று விரியும் என்று சொன்னார்கள். குடையை விரிக்கவேயில்லை. ஆனாலும் நடந்தவரின் இதயத் துடிப்பும் கூடியது, குதிரையின் துடிப்பும் கூடியது. குடை இல்லாமல் வாசல் தாண்டாத நுவரெலியாக்காரிக்கு இது மறக்குமா? துரை பங்களாவில் ஏச்சு வாங்கிக்கொண்டு நான் பிரட்டுக்கு வரும் நாட்களில், நான் ஒரு வார்த்தை பேசும் முன்னமே பெண்கள் இடுப்புப் படங்கை இறுக்கிக் கட்டுவதைக் கவனித்திருக்கிறேன்.

மீதிப் பாதி மிகை. குதிரை நின்றால் உங்கள் தன்னம்பிக்கையில் பிரச்சினை என்று விளக்கம் கொடுத்தார்கள். வயிறு வலித்தாலும் குதிரை நிற்கும். வேலியில் ஒரு ஷொப்பிங் பை படபடத்தாலும் நிற்கும். நூறு வருடத்துக்கு முன் ஜேர்மனியில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போடுகிறது என்று ஊரே நம்பியது. கேள்வி கேட்டவரின் தலையும் உடம்பும் தம்மை அறியாமல் அசைவதைப் பார்த்துத்தான் அது காலைத் தட்டி நிறுத்தியது என்று 1907 இல் கண்டுபிடித்தார்கள். உடம்பைப் படிக்கக் குதிரை கெட்டிக்காரி. சின்ன வயதில் உங்களுக்கு என்ன நடந்தது என்றெல்லாம் அதற்குத் தெரியாது. எங்கள் குழுவில் ஒரு தங்கச்சியை அந்தப் பேச்சு அழவைத்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மந்தைக்கு ஒரு தலைவி உண்டு, எல்லாக் குதிரைகளும் அவள் பின்னால் போகும், நீங்கள் அவளாக வேண்டும் என்றதும் அப்படித்தான். கட்டில்லாமல் வாழும் குதிரைக் கூட்டங்களைக் கவனித்தவர்கள், எந்தக் குதிரையும் முதல் அடி வைக்கலாம், ஒவ்வொரு நேரம் ஒவ்வொன்று முன்னே போகும் என்கிறார்கள். என் மலையில் எது முதல் நிரை என்று தீர்மானிப்பது நானா, கங்காணியா, அட்டைப்பூச்சி குறைந்த பக்கம் தெரிந்த பெரியம்மாவா? அது அந்தந்த நாளைப் பொறுத்தது.

பாதுகாப்புப் பேச்சைப் பத்து நிமிடத்தில் முடித்தார்கள். குதிரைக்குக் கிட்டத்தட்டச் சுற்றிவரக் கண் தெரியும், நேர் பின்னால் தெரியாது. அங்கே போய் நின்ற ஒருவர் உதை வாங்காமல் தப்பியது அவருடைய குலதெய்வத்தின் புண்ணியம்.

இரண்டு நாளுக்குப் பிறகு ஆறு மாதம் போனில் தொடர் ஆலோசனை இருந்தது, பாதிக் காசு என் கையிலிருந்து. சிக்னல் கிடைக்க மலை உச்சிக்கு ஏறி, காற்றில் நின்று, "அப்போது என்ன உணர்ந்தீர்கள்?" என்ற அதே கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துப்போனேன். நான்காவது மாதம் நிறுத்திவிட்டேன். அந்தக் காசில் பஸ் ஏறி, போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் ராணியைப் பார்க்கப் போனேன். அண்ணனுக்கு ஒரு பிளேன்டீ, எனக்கு ஒன்று. அரைமணி நேரம் கயிற்றைப் பிடித்து விடுவது. எனக்கு அதுதான் ஆலோசனை.

ஒன்றை மறைக்கக் கூடாது. எட்டாவது மாதம் கொழுந்து பொங்கிய நேரம், ஸ்டோரிலிருந்து நெருக்கடி, ஆள் பற்றாக்குறை. படித்ததெல்லாம் பறந்துபோய்ப் பழையபடி கத்தினேன். மூன்று வாரம். குளவி பற்றி யாரும் எதுவும் சொல்லாத மூன்று வாரம்.

போக நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் ஒருநாள் சும்மா போய்க் குதிரையைப் பாருங்கள். விலா எலும்பு தெரிகிறதா, சேணம் கட்டும் இடத்தில் புண் இருக்கிறதா, தண்ணீர் வைத்திருக்கிறார்களா. சீசன் இல்லாத மாதங்களில் நுவரெலியா வீதிகளில் குப்பை கிளறும் குதிரைகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். தன் குதிரைக்கு வயிறார வைக்காத இடத்தில் தலைமைத்துவம் படிப்பதற்குப் பதில் வீட்டில் தூங்கலாம்.

அம்மாவிடம் பயிற்சியைப் பற்றிச் சொன்ன அன்று அவர் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பாட்டி காலத்தில் துரைமார் மலை பார்க்கக் குதிரையில் வருவார்களாம். குளம்புச் சத்தம் கேட்டாலே கை தானாக வேகமாகுமாம். குதிரைக்கு லாயம், நமக்கு லயம், ஒரு கால்தான் வித்தியாசம் என்றார். பிறகு கல்லைப் பார்த்தபடியே கேட்டார்: "குதிரையப் பழக்குற மாதிரி எங்களையும் பழக்கப் போறியா புள்ள?"

நான் கயிற்றை விடுவதைப் பற்றித்தான் படித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கயிறு என் கையில் இருப்பதால்தானே விடுவது பற்றியே பேச முடிகிறது. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனதும் 2024 இல் 1,350 ஆனதும் யாரும் மென்மையாகப் பேசியதால் அல்ல. ராணி சம்பளம் கேட்க மாட்டாள். ரொட்டியை வாங்கித் தின்றுவிட்டுப் பேசாமல் போய்ப் படுத்தேன்.

போன மாதம் கம்பனியிலிருந்து ஒரு படிவம் வந்தது, இரண்டாவது குழுவுக்கு யாரை அனுப்பலாம் என்று. உத்தியோகத்தர் யாரையும் போடவில்லை. என் இரண்டு கங்காணிமாரையும், குளவி சொன்ன அந்த அக்காவையும் எழுதினேன், இரண்டு நாள் சம்பளத்தோடு. கீழே "எதிர்பார்க்கும் பெறுபேறு" என்று ஒரு கட்டம். நெடுநேரம் யோசித்துவிட்டு, "குளவிக்கூட்டை நேரத்தோடு சொல்வார்கள்" என்று நிரப்பிக் கொடுத்தேன். மறுநாள் துரை கூப்பிட்டு, படிவத்தை மேசையில் வைத்து, அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, "இது என்ன?" என்றார். உட்காரச் சொல்வாரா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகு நானே கதிரையை இழுத்துப் போட்டு, கானோரத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.