பியோ பாக்டீரியோபேஜ்: புண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன்

ஜார்ஜியா நாட்டுத் தலைநகர் திபிலிசியில் நம்மூர் மருத்துவ மாணவர்களுக்கு மெஸ் நடத்துகிறேன். எண்ணெய் தெறித்த முன்கைப் புண் சீழ் வைத்து, ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ் முடித்தும் ஆறவில்லை. எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்க, டாக்டர் சீழைக் கல்ச்சருக்கு அனுப்பினார். ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா என்று வந்தது. அந்தக் கிருமியைப் 'பியோ' கொல்கிறதா என்று லேப்பில் பார்த்த பிறகுதான் அதை எழுதிக் கொடுத்தார். பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்கள் (பாக்டீரியோபேஜ், சுருக்கமாகப் பேஜ்) உள்ள மருந்து இது.

மருந்துக்கடை அம்மா சளி மாத்திரை கொடுப்பதுபோல எடுத்து நீட்டினார். இங்கே இது பழைய சங்கதி. பேஜ் ஆராய்ச்சி செய்யும் எலியாவா நிறுவனம் 1923-லேயே தொடங்கிவிட்டது. நமக்குத்தான் புதுசு. ஃபோனில் சொன்னதும் ஊரிலிருக்கும் என் அம்மா, "காசு கொடுத்துக் கொரோனாவை வாங்கித் தடவுறியாடா?" என்றார். மெஸ் பையன் ஒருவன், படிப்பதோ எம்.பி.பி.எஸ்., "அண்ணே, வைரஸ் இருக்குற பிரிட்ஜ்லயா இட்லி மாவு?" என்று தட்டைத் தள்ளி வைத்தான்! இன்னொருவன்தான் விளக்கினான்: பேஜ் தனக்குரிய பாக்டீரியாவுக்குள் மட்டும் புகுந்து, பெருகி, அதை உடைத்து வெளியே வரும், மனித செல்லுக்குள் பெருகாது. 1896-லேயே ஹாங்கின் என்ற ஆங்கிலேயர் கங்கை, யமுனை நீரில் காலரா கிருமி சாவதைப் பார்த்து எழுதியதையும் சொன்னான். காரணம் பேஜாக இருக்கலாம் என்பது பிற்பாடு வந்த கருத்தாம். அதைக் கேட்ட அம்மா, "அப்போ பூஜை ரூம் கங்கைச் செம்பை உடைச்சு அனுப்பட்டுமா?" என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன்.

குப்பி 10 மில்லி. உள்ளே இளமஞ்சளாகத் தெளிந்த நீர். புண்ணில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் நிறக் கிருமிநாசினி ஆயின்ட்மென்ட்டை நர்ஸ் சுத்தமாக வழித்தெடுத்து, சலைன் விட்டுக் கழுவினார். கிருமிநாசினி மிச்சமிருந்தால் பேஜும் செத்துப்போகுமாம். பிறகு காஸ் துணியைப் பியோவில் நனைத்துக் கட்டினார். எரிச்சல் துளியும் இல்லை. சீழ் வற்றி, ஓரத்தில் இளஞ்சிவப்பாகச் சதை வந்தது. பேஜ் மட்டும்தான் காரணமா, தினமும் ஒழுங்காகக் கட்டு மாற்றியதும் சேர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். பிரிட்ஜை விட்டு வெளியே வைக்க முடியாததற்கு ஒன்று குறைத்தேன். அடுப்படியில் நிற்கிறவனுக்கு அது இம்சை. வைரஸ் என்று பயப்பட வேண்டாம். ஆனால் கல்ச்சர் ரிப்போர்ட் இல்லாமல் வாங்காதீர்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ.கோலை, சூடோமோனாஸ், புரோட்டியஸ் ஆகியவற்றுக்கான பேஜ்கள்தான் இதில் இருக்கின்றன. உங்கள் புண்ணில் இருப்பது வேறு கிருமி என்றால் காசும் போச்சு, நாளும் போச்சு.