கடலடி மேலோடும் மேல் கவசமும்: அலையை நாம் எழுப்புவதா, நிலநடுக்கத்திடம் பெறுவதா?

கடலடி மேலோடு பெரும்பாலான இடங்களில் 6 முதல் 7 கி.மீ. தடிமனே கொண்டது என்றாலும், அதை முழுவதும் துளைத்து மேலோட்டையும் அடியிலுள்ள கவசத்தையும் (மேன்டில்) பிரிக்கும் மோகோ எல்லையைக் கடந்த ஆழ்துளை இதுவரை இல்லை. ஆகவே அதன் அமைப்பையும் அடியிலுள்ள மேல் கவசத்தையும் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி நில அதிர்வு அலைகளின் வழியே கிடைத்ததுதான். அந்த அலைகளை நாமே எழுப்புவதா, நிலநடுக்கங்கள் அனுப்பும்வரை காத்திருப்பதா என்பதில்தான் முறைகள் பிரிகின்றன.

எதிரொலிப்பு முறையில், கப்பல் காற்றுத் துப்பாக்கிகளால் அழுத்தக் காற்றை நீருக்குள் சீரான இடைவெளியில் வெடிக்கவிட்டபடி, ஹைட்ரோஃபோன்கள் (நீருக்குள் ஒலியைப் பதியும் கருவிகள்) பொருத்திய பல கிலோமீட்டர் நீளக் கேபிளைப் பின்னால் இழுத்துச் செல்கிறது. கடல்தரை இருபுறமும் விரிந்து புதிய மேலோடு உருவாகும் கிழக்குப் பசிபிக் முகட்டின் கீழே, கடல்தரையிலிருந்து ஒன்றிரண்டு கி.மீ. ஆழத்திலேயே உருகிய பாறை மெல்லிய தகடாகக் கிடப்பதை 1980களில் தெளிவாகக் காட்டியது இம்முறையே. கூர்மையான எல்லைகளைப் படம் பிடிப்பதில் இதற்கு ஈடில்லை. ஆனால் இது அளப்பது அலை சென்று திரும்பும் நேரத்தை மட்டுமே. அந்த நேரத்தை ஆழமாக மாற்றத் தேவையான அலைவேகத்தை, மேலோட்டின் அடிப்பகுதியைப் பொறுத்தவரை, கேபிளின் நீளம் போதாமையால் நம்பகமாகத் தர முடிவதில்லை.

அந்த வேகத்தைத் தருவது விலகல் முறை. இதில் அதிர்வுமானிகள் கடல்தரையிலேயே அமர்ந்திருக்க, கப்பல் அவற்றை விட்டு நெடுந்தொலைவு விலகிச் சென்றபடி வெடிக்கிறது. பதிவை விரித்துப் பார்த்தால், அருகில் மேலோட்டின் வழியே வரும் அலையே முதலில் வந்து சேரும்; ஏறத்தாழ 30 கி.மீ. தாண்டியதும், மோகோவுக்குக் கீழே நொடிக்கு சுமார் 8 கி.மீ. வேகத்தில் ஓடிவந்த அலை அதை முந்திவிடும். முதல் வருகைக் கோடு முறியும் அந்த இடம் மேலோட்டின் தடிமனைச் சொல்லிவிடுகிறது. மேல் கவசத்தில் அலைவேகம் திசைக்கேற்ப மாறுவதையும், தரை விரியும் திசையில் அது கூடுதலாக இருப்பதையும் அமெரிக்கப் புவியியலாளர் ஹாரி ஹெஸ் 1964-இல் சுட்டிக்காட்டியது இவ்வகைத் தரவுகளைக் கொண்டுதான். கவசப் பாறையின் முதன்மைக் கனிமமான ஆலிவினின் படிகங்கள் ஒரே போக்கில் அணிவகுத்திருப்பதே அதன் காரணம். குறை என்னவெனில், நொடிக்கு 7 கி.மீ. என்ற வேகம் மேலோட்டின் அடிப்பகுதிப் பாறையான காப்ரோவுக்கும் பொருந்தும், நீரேறி ஓரளவு செர்பென்டின் என்ற கனிமமாக மாறிய கவசப் பாறைக்கும் பொருந்தும். மெதுவாக விரியும் முகடுகளில் இந்தக் குழப்பம் சிறியதன்று. குறுக்கலையின் (S அலை) வேகத்தையும் சேர்த்து அளந்தால் ஓரளவு தீரும்.

இவ்விரண்டும் மோகோவுக்குக் கீழே வெகு ஆழம் செல்வது அரிது. அங்கே தொலைதூர நிலநடுக்கங்களின் மேற்பரப்பு அலைகள்தாம் துணை. 50 நொடி அலைவுக்காலம் கொண்ட ஓர் அலையின் நீளம் சுமார் 200 கி.மீ.; அது ஏறத்தாழ 70 கி.மீ. ஆழத்தை உணரும். அதே காரணத்தால் 6 கி.மீ. மேலோட்டின் நுணுக்கம் அதன் பார்வையில் கரைந்துபோகும். 1995-96-இல் கிழக்குப் பசிபிக் முகட்டில் நடந்த மெல்ட் (MELT) என்ற கடலடி அதிர்வுமானி ஆய்வு, அலைகள் மெதுவாகச் செல்லும் குறைவேகப் பகுதி முகட்டின் இருபுறமும் பல நூறு கி.மீ. அகலத்துக்கு, அதுவும் மேற்கே கூடுதலாக, பரவியிருப்பதை இவ்வகைப் பதிவுகளாலேயே காட்டியது. பொறுமைதான் இதன் விலை. கருவிகள் பல மாதங்கள் கடல்தரையில் கிடக்க வேண்டும், நீருக்குள் ஜி.பி.எஸ். எட்டாததால் கடிகார விலகலை இறக்கும்போதும் மீட்கும்போதும் ஒப்பிட்டுத்தான் திருத்த முடியும். நீரோட்டம் கருவியைச் சாய்த்தாட்டுவதால் கிடைமட்டப் பதிவுகள் இரைச்சலில் மூழ்குகின்றன. எல்லைகளில் வகை மாறும் நிலநடுக்க அலைகளைக் கொண்டு அவற்றின் ஆழத்தைக் கணிக்கும் ரிசீவர் பங்சன் முறைக்குக் கிடைமட்டப் பதிவே ஆதாரம் என்பதால், கடலில் அதை முதல் தெரிவாகக் கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு.

மேலோட்டின் தடிமனே கேள்வி என்றால் விலகல் முறையையும், மாக்மா தகடோ பிளவோ தேடினால் எதிரொலிப்பையும், தட்டின் அடிப்பகுதியைத் தேடினால் மேற்பரப்பு அலைகளையும் தேர்வேன். எதிரொலிப்பு வெகு ஆழம் செல்வதில்லை என்ற வரம்பு மீற முடியாததன்று: நியூசிலாந்தில் டைனமைட் வெடித்துப் பெற்ற எதிரொலிகள், பசிபிக் தட்டின் அடிப்பகுதியைச் சுமார் 100 கி.மீ. ஆழத்தில் காட்டியதாக 2015-இல் வெளியான ஆய்வு கூறியது. மேற்பரப்பு அலைகள் படிப்படியான மாற்றமாக மட்டுமே காட்டக்கூடிய அந்த எல்லை, அங்கே கூர்மையானதாகத் தெரிந்தது.