தூரத்துச் செக்‌ஷனுக்குக் கரண்ட்: ஷாஃப்ட் வழியா, ஆழ்துளை வழியா?

தென்னாப்பிரிக்காவில் எமலஹ்லேனி பக்கம், பழைய பெயரில் சொன்னால் விட்பேங்க் பக்கம், நிலக்கரிச் சுரங்கங்களில் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் நம்மவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். சிலர் என்னைப் போல ஊரிலிருந்து வந்தவர்கள். சிலர் டர்பன், அங்கே இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் ஆட்கள். 1913-ல் நேட்டாலில் நியூகாசல் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் செய்த இந்திய ஒப்பந்தக் கூலிகளின் கொள்ளுப்பேரன்கள்கூட இவர்களில் இருக்கலாம். எங்கள் சுரங்கத்தில் ஷாஃப்டிலிருந்து (சுரங்கத்துக்குள் இறங்கும் குழியிலிருந்து) 8 கிலோமீட்டர் தள்ளி ஒரு புது டிஸ்ட்ரிக்ட் (நிலக்கரி வெட்டும் செக்‌ஷன்கள் அடங்கிய பகுதி) திறந்தபோது, அங்கே 11 கேவி (11,000 வோல்ட்) கரண்ட் எப்படிக் கொண்டுபோவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு எங்கள் டீமிடம் வந்தது. நான் ஆழ்துளைக்குத்தான் வாதாடினேன், அதுவே முடிவும் ஆனது. அடுத்து யாராவது இதே முடிவை எடுக்க வேண்டி வந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

வழிகள் இரண்டுதான். ஒன்று, ஷாஃப்டில் இறங்கும் கேபிளைப் பெல்ட் ரோடு (நிலக்கரி கன்வேயர் ஓடும் சுரங்கப்பாதை) ஓரமாகவே செக்‌ஷன் வரை இழுப்பது. மற்றொன்று, மேலே வயல்வெளி வழியாக மேல்நிலை லைன் போட்டு, செக்‌ஷனுக்கு நேர் மேலே துளையிட்டு, கேபிளை நேராகக் கீழே இறக்குவது. விட்பேங்க் வட்டாரத்தில் நிலக்கரிப் படுகைகள் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்ளேயே கிடைப்பதால்தான் இரண்டாவது வழி இங்கே கைகூடுகிறது.

செம்புக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 95 சதுர மி.மீ., மூன்று கோர், 8 கிலோமீட்டர் என்றால் செம்பு மட்டும் ஏறக்குறைய 20 டன். துளைக்குள் 100 மீட்டருக்குக் கால் டன் போதும், மேலே லைன் அலுமினியத்தில் போய்விடும். லோட் ஷெட்டிங் விஷயத்தில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. மின்சார நிறுவனமான எஸ்காம் கரண்ட் தரும் இடம் ஒன்றே.

வோல்டேஜ் டிராப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்தக் கேபிளில் 8 கிலோமீட்டர் தூரத்துக்கு 4 எம்விஏ மின்சுமை இழுத்தால், அதாவது ஓரிரு செக்‌ஷனும் கன்வேயரும் சேர்ந்து ஓடினால், சுமார் 7 சதவீதம் வழியிலேயே போய்விடும். இது சும்மா ஓடும்போது. கண்டினியூஸ் மைனரின் (நிலக்கரி வெட்டும் மெஷினின்) கட்டர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது நிலைமை இன்னும் மோசம். மோட்டாரின் டார்க் (சுழற்றும் விசை) வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மெஷினில் 80 சதவீதம் வோல்டேஜ்தான் இருக்கிறது என்றால் டார்க் 64 சதவீதம்தான். அப்புறம், கேபிள் நீள நீளக் கடைசி முனையில் ஷார்ட் சர்க்யூட் கரண்டும் குறைகிறது. மோட்டார் ஸ்டார்ட் ஆகிறதா, கேபிள் பழுதா என்று, பழுதைக் கண்டு கரண்டை நிறுத்த வைக்கும் ரிலேக்குப் பிரித்தறிவது கஷ்டமாகிறது. 22 கேவிக்கு ஏற்றினால் டிராப் சதவீதம் நாலில் ஒன்றாகும், ஆனால் கீழே இருக்கும் ஸ்விட்ச்கியர், மினி சப் (சிறிய டிரான்ஸ்ஃபார்மர் நிலையம்) எல்லாமே மாற வேண்டும்.

இதெல்லாம் பேப்பரில் சரிசெய்யக்கூடியவை. என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது கேபிள் துண்டுகளை இணைக்கும் ஜாயின்ட்தான்.

கேபிள் டிரம் ஒன்றில் 500 மீட்டர் வருகிறது என்று வையுங்கள். 8 கிலோமீட்டருக்குக் குறைந்தது 15 ஜாயின்ட். ஒவ்வொன்றும் ஈரத்திலும், சுண்ணாம்புத் தூளிலும், கூரை உதிரும் இடத்திலும் பல வருஷம் கிடக்கப் போகிறது. ஜாயின்டில் இன்சுலேஷன் போனால் டிரிப் ஆகும், கண்டுபிடிக்கலாம். எர்த் கரண்ட் திரும்பும் பாதையான ஆர்மரின் (கேபிளைச் சுற்றிய இரும்புக் கம்பி உறையின்) இணைப்பு துரு ஏறி ரெசிஸ்டன்ஸ் கூடினால் எதுவும் டிரிப் ஆகாது, அதுதான் ஆபத்து. நியூட்ரல் ரெசிஸ்டர் வைத்து எர்த் ஃபால்ட் கரண்டை 50 ஆம்பியருக்குள் கட்டுப்படுத்தியிருப்பதாக வைத்துக்கொள்வோம். திரும்பும் பாதை அரை ஓம் என்றால் மெஷின் பாடியில் 25 வோல்ட், யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதே பாதை பழுதான ஜாயின்ட்களால் 2 ஓம் ஆனால் 100 வோல்ட். ஈரக் கையோடு ஒருவர் அதைத் தொடுவார். மெஷினோடு இழுபடும் டிரெய்லிங் கேபிளில் பைலட் கோர் என்ற தனிக் கம்பி எர்த்தை ஒவ்வொரு நொடியும் சோதித்துக்கொண்டே இருக்கும். பெல்ட் ரோட்டில் தொங்கும் 11 கேவி கேபிளுக்கு அந்தக் காவல் பெரும்பாலும் கிடையாது. ஆள் போய் அளந்தால்தான் தெரியும்.

சரி, பழுது தெரிந்துவிட்டது. எங்கே என்று தேட வேண்டும். ஐசோலேட் செய்து, பூட்டு போட்டு, மீத்தேன் அளந்து, எர்த் செய்து, பிறகுதான் கத்தியே எடுக்கலாம். ஜாயின்டில் ஊற்றும் ரெசின் இறுகும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு ஷிஃப்ட் அதிலேயே போய்விடும், அந்த நேரம் முழுக்க டிஸ்ட்ரிக்டின் கன்வேயரும் பம்பும் நிற்கும். பம்ப் நின்றால் தண்ணீர் ஏறும். இரண்டாவது கேபிள் போட்டு, ஒன்று போனால் மற்றது கரண்ட் தரும்படி ரிங் ஆக்கலாம்தான், அது இன்னொரு 20 டன் செம்பு, இன்னொரு 15 ஜாயின்ட். துளைக்குள் இறங்கும் கேபிளில் ஜாயின்டே இல்லை. மேலே ஒரு கிளாம்ப், இரும்புக் கம்பி ஆர்மர் எடையைத் தாங்குகிறது, கீழே ஒரு டெர்மினேஷன். அளக்க வேண்டிய இடம் இரண்டுதான்.

ஆழ்துளைக்கும் விலை உண்டு. முதலாவது மின்னல். ஹைவெல்ட் என்ற இந்த மேட்டுச் சமவெளியில் அக்டோபர் முதல் மார்ச் வரை பின்மதிய இடிமழை எப்படி என்று இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆழமில்லாத சுரங்கத்தில் துளையின் இரும்புக் குழாயான கேஸிங்கும் கேபிள் ஆர்மரும் மின்னலின் சர்ஜைக் (திடீர் மின்பாய்ச்சலைக்) கீழே கொண்டுபோகும் பாதை ஆகிவிடும். டோலரைட் டைக் (நிலக்கரிக்குக் குறுக்கே நிற்கும் கடும்பாறைச் சுவர்) குறுக்கிட்டால் வெடிவைக்க வேண்டி வரும், அப்போது டெட்டனேட்டர் அந்தத் துளைப் பக்கமே போகக்கூடாது. சர்ஜ் அரெஸ்டர், லைனுக்கு மேல் ஷீல்டு கம்பி, லைனின் எர்த்தும் கீழே போகும் எர்த்தும் தனித்தனி: இவற்றில் பணம் மிச்சப்படுத்தக் கூடாது.

இரண்டாவது திருட்டு. சோள வயல் நடுவே தனியாக நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரும் எர்த் கம்பியும் செம்புத் திருடர் கண்ணில் படாமல் இருக்காது. முடிந்தவரை டிரான்ஸ்ஃபார்மரை மேலே வைக்காமல் 11 கேவியை அப்படியே கீழே இறக்கி, அங்கே மினி சப்பில் 1000 வோல்ட் ஆக்கிக்கொள்வது நல்லது.

மூன்றாவது, காற்றோட்டம் தரும் மெயின் ஃபேன். ஃபேன் நின்றால் மீத்தேன் சேரும், அதனால் கீழே கரண்ட் கட் ஆகியாக வேண்டும். மீத்தேன் 5-லிருந்து 15 சதவீதத்துக்குள் வெடிக்கும், நாம் இங்கே 1.4 சதவீதத்திலேயே கரண்டை நிறுத்துகிறோம். ஷாஃப்ட் வழி என்றால் ஃபேனும் பிரேக்கரும் ஒரே வளாகத்தில் இருக்கும். ஆழ்துளை சப்ஸ்டேஷன் பல கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் டிரிப் சிக்னலுக்கு ஃபைபர் இழுத்தோம், சிக்னல் அறுந்தாலே டிரிப் ஆகும்படி. எங்களுடைய சாட்ஸ்வொர்த் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணா, கீழே இருந்து ஐசோலேட் பண்ணணும்னா மேலே பக்கியில் (பிக்கப் வண்டியில்) யார் போவது?” நியாயமான கேள்வி. துளையின் அடியிலும் ஒரு பிரேக்கர் வைத்தோம். பழைய ஷாஃப்ட் கேபிளைப் பம்புகளுக்கு மட்டும் ஸ்டாண்ட்பையாக விட்டோம், இரண்டும் ஒரே நேரத்தில் ஆன் ஆக முடியாதபடி சாவி இன்டர்லாக்குடன்.

என் அனுபவம், தூண்களை விட்டு நடுவே வெட்டும் போர்டு அண்ட் பில்லர் செக்‌ஷன்களோடு சரி. செகுண்டா பக்கம் படுகை இன்னும் ஆழம், நீண்ட சுவரை முழுதாக வெட்டும் லாங்வால் முறையின் லோடும் வேறு மாதிரி, இவற்றுக்கு இதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். 3 கிலோமீட்டருக்குள் என்றால் நானே ஷாஃப்ட் வழியைத்தான் எடுப்பேன். ஓரிரு வருஷத்தில் முடிந்துவிடும் பேனலுக்கும் (வெட்டுப் பகுதிக்கும்), மேலே நிலத்துக்காரர் சம்மதிக்காத இடத்துக்கும், ஈரநிலம் இருக்கும் இடத்துக்கும் துளை வேண்டாம்.

துளையைக் கைவிடும் செலவை முதல் பட்ஜெட்டிலேயே எழுதச் சொன்னேன். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் சேகோ சுரங்கத்தில் 2006 ஜனவரி 2 அன்று மூடி வைத்த பகுதியில் மீத்தேன் வெடித்து 12 பேர் இறந்தார்கள். மின்னல்தான் பற்றவைத்தது என்றும், உள்ளே விட்டுவந்த ஒரு பம்ப் கேபிள் அதற்கு ஏரியல் ஆனது என்றும் விசாரணையில் சொன்னார்கள். அதனால் பேனல் முடிந்து சீல் வைக்கும் முன் கேபிளை முழுக்க மேலே இழுத்துவிட்டு, துளையை அடியிலிருந்து மேல் வரை சிமெண்ட் கிரவுட்டால் அடைக்க வேண்டும். அந்த வேலைக்கு ரிக் வாடகையும் ஆள் கூலியும் இப்போதே ஒதுக்கியிருக்கிறோம்.