காருக்கு ஆண்ட்ராய்டு செட்டு மாத்தப் போறீங்களா? அது காட்டற மணியைப் பார்த்துட்டு அப்புறம் காசைக் குடுங்க

ரங்கூன்ல பழைய ஜப்பான் வண்டி வச்சிருக்கற நம்ம ஆளுங்களுக்காக இதை எழுதறேன். மூணு வாரமா வயிறு எரியுது, கொட்டிடறேன்.

என்கிட்ட இருக்கறது டொயோட்டா ப்ரோபாக்ஸ். காலையிலயும் சாயந்தரமும் ஸ்கூல் ஃபெர்ரி (பிள்ளைங்களை ஏத்தி இறக்கற வண்டிக்கு இங்க அப்படித்தான் பேரு), நடுவுல வாடகை. வண்டி வந்தப்பவே உள்ள ஒரு ஜப்பான் நேவிகேஷன் செட்டு இருந்துச்சு, எழுத்து ஜப்பான், மேப்பு ஜப்பான், ரேடியோ 90க்கு மேல போகாது (அங்க எஃப்எம் 76லயே ஆரம்பிக்குது, 90க்கு மேல இருக்கற நம்ம ஸ்டேஷன் எதுவும் வராது), அதெல்லாம் பரவாயில்லன்னு விட்டுட்டேன், ஆனா மணி இருக்கே, அது டோக்கியோ மணி. நமக்கு ஏழரைன்னா அது பத்துன்னு காட்டும். கையால மாத்தி வச்சாலும் சாட்டிலைட்டைப் பிடிச்சதும் திரும்ப டோக்கியோவுக்கே போய் நிக்கும். எங்க தாத்தா சொல்வாரு, 1942லேர்ந்து 45 வரைக்கும் ஜப்பான்காரன் இங்க இருந்தப்போ ஊருக்கே டோக்கியோ மணிதான், விடியறதுக்கு முன்னாடியே கடிகாரம் எட்டு அடிச்சுடும்னு. அவன் போய் எண்பது வருஷம் ஆச்சு, என் வண்டிக்குள்ள மட்டும் இன்னும் உக்காந்திருந்தான்.

ரெண்டரை மணி கழிச்சுக் கழிச்சு ஓட்டிக்கிட்டிருந்தேன், பழகிடுச்சு. வண்டியில ஏறற பிள்ளைங்கதான் "அங்கிள், லேட்டாயிடுச்சு"ன்னு தினம் பதறும். சரி மாத்திடலாம்னு டவுன்ல ஒரு கார் சாமான் கடைக்குப் போனேன். பேரு சொல்லல, ஏன்னா இந்த வேலையை ஒரு கடை மட்டும் பண்றதா எனக்குத் தோணல.

கடைக்காரன் நல்லாத்தான் பேசினான். அக்கோ (அண்ணேன்னு அர்த்தம்), இது ஆண்ட்ராய்டு, பத்து இஞ்சி, ஜிபிஎஸ் மேப்பு, மணி தானா செட் ஆயிடும், நீங்க தொடவே வேணாம்னான். மூணு லட்சத்து நாப்பதாயிரம் கியாட்டு. செட்டு மேல பேருகூட இல்ல, பில்லுன்னு குடுத்தது ஒரு துண்டு சீட்டு, அதுல கடை முத்திரை பாதி விழுந்திருக்கு. ஒரு பையன் வந்து ஒரு மணி நேரத்துல மாட்டிட்டான். தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள்ள வண்டி நிக்குது, பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணியை வச்சான், 5:10, சரியா இருந்துச்சு. நான் சந்தோஷமா காசை எண்ணிக் குடுத்துட்டு வந்துட்டேன். அந்த தகரக் கூரையை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

மறுநாள் அம்மாவை மௌல்மீன் பஸ்ஸுல ஏத்தணும், அக்கா மகளுக்கு வளைகாப்பு. ஆங் மிங்கலா பஸ் ஸ்டாண்டுல எட்டு மணிக்கு வண்டி. கரன்ட்டு விடியகாலையிலதான் வந்துச்சு, ஃபோனை சார்ஜ்ல போட்டவன் அப்படியே வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். சாவியைத் திருப்பினா செட்டு 12:00ன்னு காட்டுச்சு, தேதி ஜனவரி 1. புது சாமான், தூக்கம் கலையலன்னு நினைச்சேன். சந்தை தாண்டி ரோட்டுக்கு வந்ததும் அதுவா மாறி 6:05ன்னு வந்துச்சு, அட பரவாயில்லையே, சொன்ன மாதிரியே தானா செட் ஆகுதேன்னு எனக்கு ஒரே பெருமை.

அம்மா வீட்டுல மூட்டை முடிச்செல்லாம் ஏத்தினோம். சீர்த்தட்டுக்கு வாங்கின பலகாரம், ரெண்டு புடவைப் பொட்டலம், ஒரு ஊறுகாய் ஜாடி துணியில சுத்தி மடியில. வழியில "பசிக்குதுப்பா"ன்னாங்க. மணியைப் பார்த்தேன், 6:50. நேரம் கெடக்கு, மொஹிங்கா (மீன் குழம்பு ஊத்தின நூடுல்ஸ்) சாப்ட்டுப் போலாம்மான்னு நிறுத்தினேன், அம்மா ரெண்டாவது கரண்டி ஊத்தச் சொல்லி, வாழைத்தண்டு நல்லா வெந்திருக்குன்னு கடைக்காரம்மாகிட்ட பேசி, நிதானமா சாப்ட்டாங்க, நானும் ஒரு டீ சொல்லி உக்காந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குள்ள நுழையறப்போ செட்டுல 7:40. கவுன்ட்டர்ல டிக்கெட்டை நீட்டினா அந்தப் பொண்ணு சுவத்தைக் காட்டுச்சு. அங்க 8:10. வண்டி போய் பத்து நிமிஷம் ஆச்சு. டிக்கெட் காசு திரும்ப வராது. அம்மா என்னைத் திட்டக்கூட இல்ல, ஊறுகாய் ஜாடியை மடியில வச்சுக்கிட்டு பெஞ்சில உக்காந்துட்டாங்க, அதுதான் தாங்கல. ராத்திரி வண்டிக்கு வேற டிக்கெட் போட்டு அனுப்பினேன்.

கடைக்குப் போனேன். "கெய்சா மஷிபூ அக்கோ", அதாவது ஒண்ணும் பிரச்சினை இல்லன்னு ஆரம்பிச்சான், ஜிபிஎஸ் ஆன்டெனா வீக்கா இருக்கு, சாட்டிலைட்டு லேட்டா கிடைக்குது, அதனால மணியும் லேட்டு, ஆன்டெனா மாத்தினா போதும்னான். முப்பதாயிரம். நானும் குடுத்தேன் பாருங்க! திரும்பவும் ஷெட்டுக்குள்ள கையால மணியை வச்சான், திரும்பவும் ரோட்டுக்கு வந்து அஞ்சாவது நிமிஷம் அரை மணி பின்னாடி.

அப்புறம்தான் ரங்கூன் பக்கத்துல இருக்கற தன்லின்ல வண்டி எலக்ட்ரிக் வேலை பார்க்கற ஒரு அண்ணன்கிட்ட கொண்டு போனேன். அவரு செட்டை வெளிய இழுத்துப் போட்டு ஒரு பார்வை பார்த்துட்டு சிரிச்சாரு. இந்த செட்டுக்கெல்லாம் மஞ்சள் வயரு நேரா பேட்டரிக்குப் போகணும், சாவியை எடுத்த பிறகும் மணியைக் காப்பாத்தறது அதுதான். சிவப்பு வயரு சாவி லைனுக்கு. அந்தப் பையன் ரெண்டையும் ஒண்ணா முறுக்கி சாவி லைன்லயே டேப்பு சுத்தி வச்சிருந்தான், அதனாலதான் சாவியை எடுத்தா செட்டு எல்லாத்தையும் மறந்துட்டு ஜனவரி 1க்குப் போயிடுது.

அந்த அரை மணி எப்படிண்ணேன்னு கேட்டேன். உலகம் பூரா சாட்டிலைட்டு அனுப்பறது ஒரே மணிதான் தம்பி, ரங்கூனா டாக்காவான்னு அதுக்குத் தெரியாது, எந்த ஊருக்கு எவ்வளவு கூட்டணும்னு செட்டுதான் கணக்குப் போடணும்னாரு. நமக்கு ஆறரை கூட்டணும். இந்த செட்டுல ஊர் லிஸ்டைத் திறந்தா முழு மணி நேரம் மட்டும்தான் இருக்கு, டாக்கா ஆறு, பாங்காக் ஏழு, நடுவுல நாம இல்லவே இல்ல. பையன் டாக்காவை வச்சுட்டு மணியைக் கையால தள்ளி வச்சிருக்கான். தகரக் கூரைக்குள்ள சாட்டிலைட்டு கிடைக்காது, அதனால அங்க சரியா நிக்கும், வெளிய வானத்தைப் பார்த்ததும் டாக்கா மணிக்குத் தாவிடும். மேப்புல போய்ச் சேர்ற நேரம்னு காட்டுதே, அதுவும் டாக்கா கணக்குதான். ஆன்டெனா கெட்டிருந்தா மேப்புல அம்புக்குறியே ரோட்டுல நிக்காது, என்னோடது சந்துக்குள்ள கரெக்டா நின்னுச்சு, அப்போ முப்பதாயிரத்தை எதுக்கு வாங்கினான்? கேட்டதுக்கு போட்ட சாமானை திரும்ப எடுக்கறதில்லன்னு சொல்லிட்டான், ஆன்டெனாவையும் சேர்த்து.

இதுல ஒரு கூத்து, நம்ம ஆறரை மணிக் கணக்கு 97½ டிகிரி தீர்க்கரேகைக்கு உள்ளது, அது போறதே மௌல்மீனை ஒட்டித்தான். அந்த ஊருக்குப் போக வேண்டிய அம்மாதான் டாக்கா மணியால பஸ்ஸை விட்டாங்க.

மச்சான் வண்டியில இன்னொரு கதை. பழைய நேவிகேஷன் செட்டு, மணி நிமிஷமெல்லாம் ஒழுங்கா ஓடுது, தேதி மட்டும் பத்தொம்பதரை வருஷத்துக்கு மேல பின்னாடி. இதே மாதிரி ஒரு கடையில போர்டு போயிடுச்சு, மாத்தணும்னு பெரிய தொகை கேட்டிருக்கான். போர்டெல்லாம் ஒண்ணும் போகல. ஜிபிஎஸ் வாரத்தை 1024 வரைக்கும்தான் எண்ணும், அப்புறம் பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கும், கடைசியா அப்படித் திரும்பினது 2019 ஏப்ரல்ல, அதைப் புரிஞ்சுக்கத் தெரியாத பழைய செட்டெல்லாம் பின்னாடி போயிடுச்சு. சாஃப்ட்வேர் புதுசு கிடைச்சா சரியாகும், இல்லன்னா தேதியைப் பார்க்காம ஓட்ட வேண்டியதுதான். போர்டுக்கு ஒரு கியாட்டு குடுக்காதீங்க.

புது செட்டு மாட்டறவங்க முதல்ல ஊர் லிஸ்டைத் திறந்து யாங்கூனோ ரங்கூனோ, 6:30ன்னு இருக்கான்னு கண்ணால பாருங்க, இல்லன்னா வேற செட்டு எடுக்கச் சொல்லுங்க. மாட்டினதும் சாவியை எடுத்துட்டு ஒரு டீ குடிச்சுட்டு வந்து திரும்பப் போட்டுப் பாருங்க, ஜனவரி 1 வந்தா வயரைப் பிரிக்கச் சொல்லுங்க. வண்டியை ஷெட்டை விட்டு வெளிய எடுத்து பத்து நிமிஷம் ரோட்டுல சுத்திட்டு வந்து காசைக் குடுங்க, "மழை வருது அக்கோ, உள்ளயே பாருங்க"ன்னாலும் விடாதீங்க.

அந்த அண்ணன் வயரைச் சரி பண்ணிட்டு அஞ்சாயிரம்தான் வாங்கினாரு. ஊரை மட்டும் அவராலயும் சேர்க்க முடியல, சாட்டிலைட்டு மணியை நிறுத்தற சுவிட்சும் அந்த செட்டுல கிடையாது. இப்போ பத்து இஞ்சி திரைக்கு மேல மூவாயிரம் கியாட்டு ஒட்டுக் கடிகாரம் ஒண்ணு ஒட்டி வச்சிருக்கேன், பட்டன் பேட்டரி போட்டது, சரியா ஓடுது. ஃபெர்ரி பிள்ளைங்க ஏறினதும் மேல ஒருத்தன் படிக்கிறான், கீழ ஒருத்தன் படிக்கிறான், "அங்கிள், டாக்காவுல இப்பத்தான் ஏழு, நாம மெதுவா போலாம்"ங்கறான்.