நீண்ட விடுப்பா, தினமும் கொஞ்சம் ஓய்வா?

வேலை ஆளையே உறிஞ்சி 'பர்ன்அவுட்' நிலைக்குத் தள்ளிவிட்டால் முதலில் தோன்றுவது, 'இரண்டு வாரம் லீவு போட்டால் சரியாகிவிடும்' என்பதுதான். பாதி உண்மை. தூக்கம் கெட்டு, காலையில் எழவே முடியாத நிலையில் இருப்பவருக்கு நீண்ட விடுப்புதான் முதல் தேவை. அந்த நேரத்தில் 'தினம் பத்து நிமிடம் தியானம் செய்' என்றால் எரிச்சல்தான் வரும்.

ஆனால் 2019-இல் உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்டை எப்படி விளக்கியது என்று பாருங்கள்: அது நோய் அல்ல, வேலையிடத்தில் நெடுநாள் சமாளிக்கப்படாத அழுத்தத்தின் விளைவு. களைப்பு, வேலையின் மீது கசப்பு, திறன் குறைந்த உணர்வு என மூன்றும் சேர்ந்தது. விடுப்பு களைப்பைத் தீர்க்கும். மற்ற இரண்டும் மேசையிலேயே காத்திருக்கும். அதனால்தான் திரும்பி வந்த சில வாரங்களில் பழைய கதை.

தினசரிப் பழக்கம் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஒரு நேரத்துக்குப் பிறகு மெயில் பார்க்காமல் இருப்பது, போன் இல்லாமல் நடப்பது, ஒரு கூடுதல் வேலைக்காவது 'முடியாது' என்பது. கடைசியாகச் சொன்னதுதான் கடினம், அதிகப் பலனும் அதில்தான். ஒரே ஆபத்து, இதையும் டார்கெட் ஆக்கிவிடுவது. நடைப்பயிற்சி தவறிய நாளில் குற்ற உணர்ச்சி வந்தால், அது ஓய்வல்ல, இன்னொரு வேலை!

என் தேர்வு இரண்டாவது. உடம்பு சுத்தமாக ஓய்ந்துவிட்டால் மட்டும் மருத்துவரைப் பார்த்து, விடுப்பு எடுத்து, அப்புறம் இதற்கு வரலாம். விடுப்புக்குக் கிளம்பும் முன்பே, திரும்பியதும் எந்த வேலை குறையும் என்று மேலாளரிடம் பேசிவிடுங்கள்.